கப்பல் காட்டியவர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பயமெல்லாம் ஒன்றும் இல்லை. எழுதினால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பி, "தென்காசிப் பிள்ளை ஒண்ணு நம்மளப் பத்தி எழுதியிருக்கு, பாத்தீயளா" என்று பெருமை பேசிக்கொண்டு திரிவார். அந்தச் சந்தோஷத்தை நான் அவருக்குக் கொடுக்க மாட்டேன்.

மாமா என்றுதான் கூப்பிடுவேன். உறவெல்லாம் கிடையாது. அவருக்கு ஊர் தூத்துக்குடி. அப்பா உயிரோடு இருந்தபோது குற்றாலம் மெயின் அருவியில் ஒரு ஆடி மாதக் கூட்டத்தில் இவருடைய துண்டைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்றவருக்கு அப்பா தன் துண்டைக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கு வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகலாம் என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். காப்பி குடிக்க வந்தவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அடுத்த வருஷம் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தார். அதற்கடுத்த வருஷம் மச்சினன் குடும்பமும் சேர்ந்துகொண்டது. துண்டு மட்டும் திரும்பி வரவே இல்லை.

தென்காசியில் வீடு இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் எங்கிருந்தெல்லாமோ சொந்தபந்தம் முளைக்கும். "தண்ணி விழுதா?" என்று ஒரு போன் வரும். விழுகிறது என்று வாய்தவறிச் சொன்னால் மறுநாள் வாசலில் வேன் நிற்கும். எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு அறை, ஒரு அடுப்படி. அதற்குள் பதினொரு பேர் வந்து இறங்குவார்கள். ஜன்னல் கம்பி, நாற்காலி, டிவி மேல் எல்லாம் ஈரத்துணி காயும். அருவியில் குளித்துவிட்டு வருகிறவனுக்குப் பசிக்கிற பசி சாதாரணப் பசி இல்லை. அம்மா எல்லாருக்கும் பரிமாறி முடித்துவிட்டுக் கடைசியில், ஆறி விறைத்துப்போன சோற்றைச் சட்டியோடு பிசைந்து அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். பத்து சீசன் அப்படித்தான் சாப்பிட்டாள்.

மாமா என்றைக்கும் வெறுங்கையோடுதான் வருவார். ஆனால் அந்தக் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. பேசப் பேச காற்றில் படம் வரைந்துகொண்டே இருக்கும்.

"அடுத்த தடவ வரும்போது சீலா மீன் கொண்டாறேன்க்கா. இந்தா, இம்புட்டு நீளம். ஐஸே படாத மீனு. மண்சட்டில மாங்கா அறுத்துப் போட்டு நீங்க கொழம்பு வச்சீயன்னு வையுங்க..."

சொல்லிக்கொண்டே அம்மா ஊற்றிய ரசத்தைச் சப்புக்கொட்டிக் குடிப்பார். கேட்டுக்கொண்டிருக்கிற எங்களுக்கு வாயில் எச்சில் ஊறும். பத்து வருஷத்தில் ஒரு மீன்கூட வந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அதன் நீளம் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது.

"நான் இருக்கேம்லா!" இதுதான் அவருடைய தாரக மந்திரம். நான் படித்து முடித்து வேலை தேடிய காலத்தில், "ஹார்பர்ல கேட்டுலருந்து கப்பல் வரைக்கும் நம்ம ஆளுகதான். நீ எதுக்குக் கவலப்படுத? நான் இருக்கேம்லா" என்றார். நான் இப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் வந்தால் வீடு கலகலவென்று இருக்கும். அப்பா அதிகம் பேசாத மனிதர். அவரே இவர் பேச்சைக் கேட்டுத் தொடையில் தட்டிச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

அப்பா இறந்த அன்றைக்கு அவருக்கும் சொல்லிவிட்டோம். வரவில்லை. வண்டி கிடைக்கவில்லை என்று போனில் அழுதார். நிஜமாகவே அழுதார், அதில் சந்தேகம் இல்லை. அழுது முடித்து, "அண்ணன் காதுகிட்ட போன வைம்மா. நான் ஒரு வார்த்த பேசணும்" என்றார். வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் என்ன செய்வேன்? குனிந்து அப்பாவின் காதில் போனை வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு வார்த்தை என்றவர் பத்து நிமிஷம் பேசினார். கோடி போட வந்தவர்கள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அப்பா காதில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கப்பல் காட்டுகிறேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

கப்பல் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொன்ன எல்லாவற்றிலும் அம்மா மனதில் போய் ஒட்டிக்கொண்டது அது ஒன்றுதான்.

"கப்பலுக்குள்ள ஒரு தெருவே இருக்குங்க்கா. அடுப்படி மட்டும் இந்த வீட்டப் போல ரெண்டு மடங்கு. அண்டா அண்டாவா சோறு பொங்குவான். கப்பல் இப்படி ஆடும், அப்படி ஆடும், ஒரு பருக்க கீழ சிந்தாது."

அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். "அது எப்படித் தம்பி? ஆடுற அடுப்புல கொதிக்கிற சோறு தளும்பாதா?"

"தூத்துக்குடிக்கு வாங்க. உள்ள கூட்டிட்டுப் போயி அடுப்படியவே காட்டுதேன். நான் இருக்கேம்லா!"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மாவுக்குத் தெரிந்த உலகம் அடுப்படிதான். கடலைப் பார்க்க வேண்டும் என்றோ மாதா கோயிலைப் பார்க்க வேண்டும் என்றோ அவள் கேட்டதில்லை. ஆடுகிற அடுப்பில் எப்படிச் சமைக்கிறார்கள் என்று மட்டும் பார்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதைப் பற்றி என்னிடம் பேசிவிடுவாள். அப்பா போன பிறகு இந்தப் பேச்சு கூடிப்போயிற்று. சரி, கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்று போன வருஷம் மாசி மாதத்தில் கிளம்பினோம். மாமாவிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டேன். "வாங்க வாங்க வாங்க" என்று மூன்று தடவை சொன்னார்.

அம்மா ஒயர் கூடையில் அவருக்காக நேந்திரம்பழமும் செங்கோட்டைச் சிப்ஸும் வாங்கி வைத்திருந்தாள். இன்னொரு பையில் நல்லெண்ணெய், சீயக்காய், துண்டு. எதுக்கும்மா என்றதற்கு, "தண்ணியப் பாக்கப் போறோம், குளிக்காமயா வருவோம்?" என்றாள். அருவிக்கரையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் தலைக்குத் தேய்த்துக் குளிப்பதுதான்.

தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போன் செய்தேன். "வந்துட்டீயளா! அங்கனயே நில்லுங்க, இந்தா வாரேன்."

ஒரு மணி நேரம் நின்றோம். மறுபடி கூப்பிட்டேன்.

"ஒரு அவசர சோலிம்மா. நீங்க ஆட்டோ பிடிச்சு பனிமய மாதா கோயிலுக்குப் போங்க. நான் நேரா அங்கன வந்துருதேன்."

போனோம். கோயிலுக்குள் நுழையும்போது அவரே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். "அக்கா, உள்ள போயிட்டீயளா? நேரா பாருங்க. மாதா முகம் தெரியுதா? நம்மளப் பாத்துச் சிரிக்க மாதிரியே இருக்கும். அப்படியே அண்ணாந்து கூரையப் பாருங்க. என்ன அழகு!" பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நான் போனை அணைத்தேன்.

அப்புறம் ரோச் பூங்காவுக்குப் போகச் சொன்னார். அங்கே கடல் அலையே இல்லாமல் கிடந்தது. அம்மா கரையில் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு எடத்துலயும் விழலயேட்டி" என்றாள். எண்ணெய்ப் பையை வெளியே எடுக்கவே இல்லை. போன் வந்தது. "காத்து எப்படி? சில்லுனு இருக்கா? மக்ரூன் வாங்கினீயளா? வாயில போட்டதும் கரையும் பாருங்க, முந்திரி மணம் அப்படியே மூக்குல ஏறும்."

"மாமா, நீங்க எப்ப வாரீய?"

"இந்தா, கெளம்பிட்டேன்."

அப்போதுதான் அவருக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. அம்மா போனையே பார்த்தாள். அடுத்த விசில். அதற்கடுத்த விசில்.

"மூணு விசில் வந்துட்டு" என்றாள் அம்மா என்னிடம், மெதுவாக. "இன்னும் எறக்கலயே. பருப்பு குழைஞ்சு போகும்லா."

அவ்வளவுதான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

கடைசியில் ஹார்பர். உப்பு மேடுகளைத் தாண்டி, வெயில் கண்ணைக் கூச, ஆட்டோ எங்களைக் கேட்டில் இறக்கிவிட்டது. காவலுக்கு நின்ற பெரியவர் தன்மையான மனிதர். முன்கூட்டியே பாஸ் வாங்காமல் உள்ளே விட முடியாது, எங்க கையில ஒண்ணும் இல்லம்மா என்றார். மாமா பெயரைச் சொன்னேன். அவருக்கு அப்படி யாரையும் தெரியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "வேணும்னா இதுல ஏறிப் பாருங்க தாயி" என்றார். அம்மாவுக்கு முழங்கால் வலி. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தாள், அடுத்த காலைத் தூக்க முடியவில்லை. இறங்கிவிட்டாள். சுவருக்கு மேலே ஒரு கிரேனின் தலையும் ஒரு புகைபோக்கியும் மட்டும் தெரிந்தன.

நான் போன் செய்து கத்தினேன். அவர் என்னிடம் பேசவில்லை. அக்காவிடம் கொடு என்றார். ஸ்பீக்கரில் அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் எனக்கு மனப்பாடம்.

"அக்கா, கப்பல் தெரியுதுல்லா? இப்ப கண்ண மூடிக்கிட்டு நெனச்சுப் பாருங்க. உள்ள அடுப்படில நிக்க மாதிரியே இருக்கும்."

அம்மா கண்ணை மூடவில்லை. போனை என்னிடம் கொடுத்தாள். பழக்கூடையைத் தூக்கிக் காவல்காரப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு, "போலாம்ட்டி" என்றாள். தென்காசி பஸ்ஸில் ஏறினோம். அவள் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனி மாதம் வரட்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஆனி வந்தது. போன வருஷம் ஆனியில் சாரலையே காணோம். அருவிகள் எல்லாம் பாறையாக நின்றன. ஒரு நாள் மாமாவின் போன்.

"ஏம்மா, தண்ணி விழுதா? டிவில ஒண்ணொண்ணும் ஒவ்வொண்ணு சொல்லுதான். நீ சொன்னாத்தான் எனக்கு நம்பிக்க."

நான் பொய் சொல்லவில்லை. "வாங்க மாமா, நான் இருக்கேம்லா" என்றேன். அவருக்கு அது போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. ஹாலில் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். காலையில் பத்து மணிக்கு முதல் போன் வந்தது.

"ஏம்மா, ஐந்தருவில நிக்கோம். பாற காய்ஞ்சு கெடக்கே?"

"அப்படியா மாமா? நல்லா அண்ணாந்து பாருங்க. பாறைல அஞ்சு கோடு தெரியுதா? அதுல வெள்ளையா விழும் பாருங்க, மேல தெறிக்கும்போது ஒடம்பே சிலிர்க்கும். அங்கனயே நில்லுங்க, இந்தா வாரேன்."

ஒரு மணி நேரம் கழித்து, அவசர சோலி வந்துவிட்டது என்று சொல்லி, வேனைப் பழைய குற்றாலத்துக்கு அனுப்பினேன். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குரங்குகள் மட்டும் இருந்தன. குரங்கு எப்படித் தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் துடைக்கும் என்று அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். கடைசியாக, "பண்பொழி திருமலைக் கோயிலுக்கு வாங்க மாமா. மேல நிக்கேன். கார் ரோட்டுல வராதீய, படி வழியா வந்தாத்தான் அழகு" என்றேன். ரோட்டில் வந்தால் வேனே மேலே போய்விடும். மத்தியானம் நடை சாத்தியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். வெயிலில் அந்தப் படிகளின் சூடும் தெரியும். பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாரும் பசியில் வேனிலேயே இருந்துகொண்டார்கள். மாமா மட்டும் ஏறினார். மூச்சு வாங்குவது போனில் நன்றாகக் கேட்டது. எனக்கு அது தேவாமிர்தமாக இருந்தது. நல்லவள் என்று பெயர் வாங்க நான் இதை எழுதவில்லை.

ஆனால் அடுப்படியில் காலையிலிருந்தே அம்மா சமைத்துக்கொண்டிருந்தாள். பெரிய சட்டியில் உளுந்தஞ்சோறு. கோழிக்குழம்பு கொதித்தது. எள்ளுத் துவையல் அரைபட்டது. நான் போய் நின்றேன்.

"அவுகளுக்கா சமைக்கே?"

"பின்ன? வந்திருக்காவல்லா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாசியிலிருந்து ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்து நான் செய்ததை எல்லாம் இவள் ஒரு கரண்டிச் சோற்றில் கழுவி ஊற்றிவிடுவாள். அவர் வருவார், கதவு திறக்கும், இலை விழும், சீலா மீன் இன்னும் நீளும். அம்மா மீண்டும் சட்டியை வழிப்பாள்.

"அந்தப் படிய ஏறி எறங்க எம்புட்டு நேரம் ஆகும்?" என்று கேட்டாள் அம்மா.

"அவருக்கு ஒண்ணரை மணி நேரமாவது ஆகும்."

"அப்ப ஆட்டோவக் கூப்பிடு. அந்தப் பொண்ணும் பிள்ளையளும் என்ன பாவம் பண்ணிச்சு?"

தூக்குச்சட்டிகளில் அம்மா சோறு கட்டினாள். இலைகளை எண்ணிச் சுருட்டினாள். பத்து இலை. எனக்கு அப்போதும் புரியவில்லை. ஒன்று குறையுது என்றேன். "குறையல" என்றாள்.

பண்பொழி அடிவாரத்தில் வேன் நிழலில் நின்றது. பிள்ளைகள் சட்டியைக் கண்டதும் பாய்ந்தார்கள். மாமாவின் மனைவி, பத்து வருஷத்தில் என்னோடு பத்து வார்த்தை பேசியிராத அத்தை, கடைசி இலையில் கோழிக்குழம்பை ஊற்றி நிதானமாகச் சாப்பிட்டாள். மாமாவுக்கு இலை இல்லை அத்தை என்று தயங்கிச் சொன்னேன். அவள் மலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருக்கட்டும்" என்றாள். "கல்யாணம் பண்ணும்போது எனக்கும் கப்பல் காட்டுதேன்னுதான் சொன்னாவ. பதினெட்டு வருசமாச்சு."

நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா வாசல் பக்கத்து ஜன்னலைச் சாத்தியிருந்தாள். கதவைப் பூட்டச் சொன்னாள். பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் தெருவில் வேன் சத்தம் கேட்டது. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டதை அறிந்து, தனக்கு வீட்டில் தனியாக இலை போட்டிருப்பார்கள் என்று வந்திருப்பார் போல. கதவைத் தட்டினார். "அக்கா... யக்கா..." அப்புறம் என் போன் அடித்தது.

அம்மா கையை நீட்டினாள். நான் கொடுத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேசினாள். குரலில் கோபம் துளியும் இல்லை.

"வாங்க தம்பி. நல்லா இருக்கீயளா? சோறு ஆக்கியாச்சு. உளுந்தஞ்சோறு, தேங்காயும் பூண்டும் தூக்கலா போட்டுருக்கேன். எள்ளுத் தொவையல் அம்மிலதான் அரைச்சேன், மிக்ஸில அரைச்சா அந்த மணம் வராது. கோழி நாட்டுக்கோழி. மேல எண்ண மிதந்து நிக்கி, செக்கச்செவேல்னு."

வெளியே கதவைத் தள்ளிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"இப்ப கண்ண மூடிக்கிட்டு நெனச்சுப் பாருங்க தம்பி" என்றாள் அம்மா. "உள்ள எலைக்கு முன்னால இருக்க மாதிரியே இருக்கும்."

ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். சட்டை வேர்வையில் ஒட்டியிருக்க, காதில் போனோடு வாசலில் நின்றிருந்தார். எப்போதும் காற்றில் படம் போட்டுக்கொண்டிருக்கிற அந்த இன்னொரு கை சும்மா தொங்கியது. கண்ணை மூடியிருந்தார். வெட்கத்தில் மூடினாரா, அம்மா சொன்னபடி நினைத்துப் பார்க்கத்தான் மூடினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேனிலிருந்து அத்தை கூப்பிட்டாள். போய் ஏறிக்கொண்டார்.

இந்த ஆனியில் சாரல் நன்றாக விழுந்தது. ஐந்தருவியில் ஐந்தும் விழுந்தது. அவர் போன் வரவில்லை. கப்பல் அடுப்படியை அம்மா இன்னும் பார்க்கவில்லை.

ஆனால் அன்றைக்கு வேன் சத்தம் தெருமுனை தாண்டியதும் அவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "ரெண்டு எலையப் போடுட்டி, பசிக்கி" என்றாள். ஹாலில் நடுவாக உட்கார்ந்தாள். நான் பரிமாறினேன். ஆவி பறந்த சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்தவள் விரலை உதறினாள்.

"யாத்தே, சுடுதுட்டி" என்றாள், சிரித்துக்கொண்டே.